தென்சீமா அணியின் வாழும் ஜாம்பவான்

எத்திராஜ் தென்சீமா அணிக்காக ஒரு பந்துகூட வீசியதில்லை. ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. அணியின் 'வாழும் ஜாம்பவான்' பட்டத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது சங்கம் இந்த இரண்டு தகுதிகளையும் கவனமாகப் பரிசீலித்திருந்தது.

செய்தி வந்த நேரத்தில் அவர் தடா பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். நகரியை ஒட்டிய கிராமம் அவருடையது. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்து ஆட்களை ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிக்கு ஏற்றிப்போய் இறக்கி, ஷிப்ட் முடிந்ததும் திரும்ப ஏற்றி வருவது வேலை. போன் அடித்தது. தெலுங்கு கலந்த தமிழில் ஒரு குரல்.

"எத்திராஜ் காரு தானே? நான் ஹரிபிரசாத். தென்சீமா கிரிக்கெட் சங்கம் செகரெட்ரி. திருப்பதி ஆபீசுக்கு ஒரு தடவை ரண்டி. சரித்ர விஷயம்."

எத்திராஜுக்குச் சரித்திரம் காதில் விழவில்லை. கிரிக்கெட் சங்கம் என்பதுதான் விழுந்தது. அவருடைய மகள் கௌசிகா லெக் ஸ்பின் போடுகிறவள். பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்குத் தேர்வு நடக்கும் என்று தென்சீமா சங்கம் அறிவித்து மாதக்கணக்காகிறது. முதல் தடவை சங்கத் தலைவரின் பிறந்தநாள் வந்ததால் தேர்வு தள்ளிப்போனது. அடுத்த தடவை மைதானத்தை ஒரு கல்யாண வரவேற்புக்கு விட்டிருந்தார்கள். இந்த வருஷம் போனால் கௌசிகாவுக்கு வயது தாண்டிவிடும்.

"உன் விஷயமாத்தான் கூப்புடறாங்க போல கீது," என்று மகளிடம் சொல்லிவிட்டு, மறுநாளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திருப்பதி போனார்.

திருப்பதி, சித்தூர் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் சேர்த்து மாநிலப் போட்டிகளில் ஆடுவதற்கென்று உண்டான அணி தென்சீமா. சங்க அலுவலகத்தின் சுவர்களில் அணியின் வரலாறு மாட்டப்பட்டிருந்தது. முன்னாள் தலைவர்கள், இந்நாள் தலைவர், இந்நாள் தலைவரின் காலஞ்சென்ற தகப்பனார். ஒரே ஒரு படத்தில் அணி இருந்தது. முன்வரிசை நாற்காலிகளில் நிர்வாகிகள், அவர்களுக்குப் பின்னால் நின்ற நிர்வாகிகள், அவர்களுடைய தோள்களுக்கு இடையில் ஆட்டக்காரர்கள் சிலரின் நெற்றி.

"கூச்சோண்டி," என்று நாற்காலியைக் காட்டினார் ஹரிபிரசாத். அவர் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். "அணிக்கு வைர விழா. ஒரு வாழும் ஜாம்பவானைக் கௌரவிக்கணும்னு கமிட்டி தீர்மானம். நீங்கதான்."

எத்திராஜ் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"சார், நான் ஆடவே இல்ல சார். காலேஜ் படிக்கசொல்ல ஒரே ஒரு மேட்ச்சுக்கு கூப்ட்டாங்க. பன்னெண்டாவது ஆளு. தண்ணி தூக்கிக்கினு ஓடனேன். அவ்ளோதான்."

"தெலுசு, தெலுசு. தெரிஞ்சுதான் கூப்பிட்டோம்."

"நம்ம டீமுல எவ்ளோ பெரிய ஆளுங்க கீறாங்க. அந்த ஓபனிங் பேட்ஸ்மேன்..."

"அவர் நம்ம மேல கேஸ் போட்டிருக்கார்."

"அந்த பாஸ்ட் பௌலரு?"

"அவர் மேல நாம கேஸ் போட்டிருக்கோம்."

"கீப்பரு?"

"எதிர்க்கட்சியில சேர்ந்துட்டார்."

"பழைய கேப்டன்?"

ஹரிபிரசாத் குரலைத் தாழ்த்தினார். "தலைவருக்கு மச்சினன் அவர். ஒரு கல்யாண மண்டபம் சம்பந்தமா ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. சூடண்டி எத்திராஜ் காரு, எல்லாரையும் பார்த்தாச்சு. நல்லா ஆடினவங்க அத்தனை பேருக்கும் சங்கத்து மேல ஏதாவது ஒரு வருத்தம் இருக்கு. ஆடாதவர் நீங்க ஒருத்தர்தான். உங்க மேல ஒரு ரிமார்க்கும் இல்ல."

எத்திராஜ் யோசித்தார். பிறகு, வந்த வேலையைக் கேட்டார். "சார், என் பொண்ணு... அந்த செலக்ஷன் எப்போ சார்?"

"விழா அன்னைக்கே வெச்சிடலாம்! காலையில செலக்ஷன், அப்புறம் விழா. ஜாம்பவானோட மகளையும் பார்த்த மாதிரி ஆச்சு."

அந்த ஒரு வார்த்தைக்காக எத்திராஜ் ஜாம்பவான் ஆகச் சம்மதித்தார்.

சம்மதித்த கையோடு, விழா மலருக்காக ஹரிபிரசாத் எழுதிய அணியின் வரலாற்றை உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. வரலாறு விஜயநகர மன்னர்களிடமிருந்து தொடங்கியது. சந்திரகிரிக் கோட்டைப் பக்கம் ஒரு தூணில், கையில் தடியுடன் ஒருவன் சற்றுக் குனிந்து நிற்கும் சிற்பத்தை ஹரிபிரசாத் பார்த்திருக்கிறார். இடது முழங்கை உயர்ந்திருந்ததாம். ஆகவே அது மட்டையாளர். ஆகவே கிரிக்கெட் தென்சீமாவிலிருந்துதான் வெளியே போனது. அவன் மாடு மேய்ப்பவனாக இருக்கலாமே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டதாகவும், அவர் இப்போது கமிட்டியில் இல்லை என்றும் ஹரிபிரசாத் சொன்னார். மன்னர்களுக்கு அடுத்த பக்கத்தில் தற்போதைய தலைவர் ஜெயபிரகாஷ் வந்தார். நடுவில் இருந்த காலத்தை 'இடைக்காலம்' என்று ஒரு வரியில் முடித்திருந்தார். அணி ஒரே ஒரு கோப்பையை வென்றதும் அதில் இருந்தது. எதிரணியின் பஸ் பலமனேரில் பழுதாகி நின்றுவிட்ட ஆண்டு அது.

மலர் அச்சாகி வந்தபோது எத்திராஜின் பக்கத்தைக் கௌசிகாதான் வாசித்துக் காட்டினாள்.

"'எதிரணியின் எந்தப் பந்துவீச்சாளராலும் இவரை வீழ்த்த முடிந்ததில்லை. இவருடைய பந்தில் எந்த மட்டையாளரும் ஒரு ரன்கூட எடுத்ததில்லை. இவர் கையிலிருந்து ஒரு கேட்ச்சும் நழுவியதில்லை.' நைனா, எல்லாம் நெஜம்தான் நைனா!"

"நெஜம்தான்," என்றார் எத்திராஜ். "அதான் பயமா கீது."

அவர் மனைவி காஞ்சனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு வார்த்த சொல்லலையே நீ. இவ்ளோ பெரிய ஆளுன்னு தெரிஞ்சிருந்தா எங்க நைனா இன்னும் நல்லா கவனிச்சிருப்பாரு."

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கம் கொடுத்த நீல நிற கோட்டைப் போட்டுக்கொண்டு, மகளுடன் எத்திராஜ் மைதானத்துக்குப் போனபோது கேட் சாத்தியிருந்தது. வெளியே வெயிலில் பெண் பிள்ளைகள் கிட் பைகளை இறக்கிவைத்துவிட்டு நின்றிருந்தார்கள். மதனப்பள்ளி, குப்பம், பங்காருபாளையம் என்று விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள். கேட்டுக்கு உள்ளே, கம்பிக்கு அந்தப் பக்கம் மைதானக் காவலாளி சீனு நின்றான். அவன் சத்தியவேட்டுக்காரன்.

"இன்னாப்பா, தொறக்கலையா?" என்று கேட்டார் எத்திராஜ்.

"செலக்ஷன் கேன்சல்ணா. எவனோ ஜாம்பவானாம். அவனுக்கு மாலை போடறாங்களாம். அவனால இந்தப் பசங்க எல்லாம் காலையிலேர்ந்து காயுதுங்க. ஒரு வாய் துன்னக்கூட இல்ல." அப்போதுதான் அவன் நீலக் கோட்டைப் பார்த்தான். சாவியைத் தேடத் தொடங்கினான்.

கௌசிகா கிட் பையைத் தோளிலிருந்து இறக்கி, மற்றப் பெண்களின் பைகளோடு வைத்துவிட்டு, அவர்கள் வரிசையிலேயே போய் நின்றுகொண்டாள். எத்திராஜுக்கு அந்தக் கோட்டுக்குள் வியர்த்தது.

உள்ளே ஓடிப்போய் ஹரிபிரசாத்தைப் பிடித்தார். "சார், காலையில செலக்ஷன்னு சொன்னீங்களே!"

"எப்படி சார் முடியும்? செலக்ஷன் கமிட்டிதான் உங்களுக்கு மாலை போடணும். அவங்க ஒரே நேரத்துல உங்களையும் பார்த்து, ஆட்டத்தையும் பார்க்க முடியுமா? அதுவும் இல்லாம பிட்ச்சுக்குப் பூஜை போட்டாச்சு."

உண்மைதான். ஆடுகளத்தைச் சுற்றிச் சாமந்திச் சரம் கட்டியிருந்தது. மூன்று ஸ்டம்புகளுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். மைதானம் நெடுகிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள். மாநில சங்கத்திலிருந்து பெண்கள் அணிப் பயிற்சியாளர் சுமித்ரா என்பவர் வந்திருந்தார். தேர்வைப் பார்க்க வரச் சொல்லி முதலில் கடிதம் அனுப்பியிருந்தார்கள். தேர்வு ரத்தானதை அவருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, காலியான ஆடுகளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் ஜெயபிரகாஷ் தெலுங்கில் பேசினார். பட்டு வேட்டி, தங்க பிரேம் கண்ணாடி. பேச்சின் சாரம் இது:

"இந்த மைதானத்தை நான் என் பிள்ளையைப் போல வளர்த்திருக்கிறேன். நான் பொறுப்பேற்றபோது இங்கே தினமும் யாராவது ஆடிக்கொண்டிருப்பார்கள். புல்லெல்லாம் நாசம். இன்று பாருங்கள். என் காலத்தில் ஒரு ஆட்டக்காரனின் காலணிகூட இந்தப் புல்லின் மேல் பட்டதில்லை!" நிர்வாகிகள் கைதட்டினார்கள். "ஆட்டக்காரர்கள் வருவார்கள், போவார்கள். அவர்களுக்குக் காயம் ஆகும், வயதாகும், பார்ம் போகும். எனக்கு எப்போதாவது பார்ம் போயிருக்கிறதா? நம் அணி பல தடவை தோற்றிருக்கலாம். நம் சங்கம் ஒரு தேர்தலில்கூடத் தோற்றதில்லை. என் மகனைக் கேப்டன் ஆக்கியதாகப் புகார் சொல்கிறார்கள். வேறு யாருடைய மகனை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்?"

பிறகு எத்திராஜுக்குச் சால்வை, மாலை, தலைப்பாகை. கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவருக்கு மேடையிலிருந்து கேட் தெரிந்தது. கம்பிகளுக்கு அப்பால் மகள் நிற்பதும் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

"நான் இந்த டீமுக்கு ஒரு மேட்ச்சுகூட ஆடனதில்ல."

ஹரிபிரசாத் இன்னொரு மைக்கைப் பிடித்துக்கொண்டார். "என்ன அடக்கம்! என்ன அடக்கம்!" கைதட்டல் எழுந்தது.

"அடக்கம் இல்ல சார், நெஜமாவே ஆடல. தண்ணிதான் தூக்கனேன்."

"அணியின் தாகம் தீர்த்தவர்!" என்றார் ஹரிபிரசாத். தலைவர் எழுந்து வந்து மைக்கை வாங்கி, மைதானத்தில் அமையப்போகும் குடிநீர்த் தொட்டிக்கு எத்திராஜின் பெயர் வைக்கப்படும் என்று அங்கேயே அறிவித்தார்.

எத்திராஜுக்கு அழுகை வரும் போலிருந்தது. "எனக்கு ஒண்ணும் பண்ண வேணாம் சார். வெளிய பொண்ணுங்க நிக்கறாங்க. அவங்கள உள்ள வுடுங்க. அது போதும்."

"ஜாம்பவான் தன் ரசிகைகளை உள்ளே அனுமதிக்கக் கேட்கிறார்!" என்று ஹரிபிரசாத் மொழிபெயர்த்தார்.

கேட் திறந்தது. ஆட்டக்காரிகளாக உள்ளே வர முடியாத பெண்கள் ரசிகைகளாக உள்ளே வந்தார்கள். ஆளுக்கொரு காகிதக் கொடி கொடுத்து, கயிற்றுக்குப் பின்னால் நிற்கவைத்தார்கள்.

அடுத்து, முதல் பந்து. ஜாம்பவான் வீச, தலைவர் அடிக்க, அதைப் படமெடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டும். பட்டு வேட்டிக்கு மேல் தலைவருக்குக் கால் பேட் கட்டினார்கள். ஹெல்மெட் வேண்டாமென்றார், முகம் தெரியாது. கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்துவிட்டார். படத்தில் வெளிச்சம் அடிக்கும். தேர்வுக்குழுத் தலைவரே நடுவராக நின்றார்.

எத்திராஜ் பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். புதுப் பந்து. கயிற்றுக்குப் பின்னால் காகிதக் கொடியுடன் நிற்கும் மகளைப் பார்த்தார்.

"சார், எனக்கு தோளு புடிச்சிக்கினு கீது. டிரைவர் வேல. என் பொண்ணு போடட்டும்."

ஹரிபிரசாத் தலைவரிடம் குனிந்து கேட்டார். பெண் பிள்ளை போடுவதானால் அடிக்கச் சுலபம் என்று தலைவர் உடனே ஒப்புக்கொண்டார்.

கௌசிகா கொடியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். கோணலாக நாலு எட்டு வைத்துப் பந்தை விட்டாள். பந்து தலைவரின் காலுக்கு வெளியே விழுந்தது. அவர் அது போய்விட்டது என்று நினைத்து மட்டையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பந்து திரும்பி உள்ளே போய் மஞ்சள் குங்குமம் வைத்த ஸ்டம்பைச் சாய்த்தது.

நடுவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "நோ பால்!"

அடுத்த பந்து எதிர்ப்பக்கம் திரும்பியது. ஸ்டம்பு மறுபடி சாய்ந்தது. காற்று அதிகம் என்று நடுவர் அந்தப் பந்தை ரத்து செய்தார். அதற்கடுத்த பந்துக்குப் புகைப்படக்காரர் தயாராக இல்லை என்று தீர்ப்பானது. ஒவ்வொரு தடவையும் சாய்ந்த ஸ்டம்பைச் சீனு ஓடிவந்து நட்டான். பந்து பின்னால் ஓடிவிடாமல் பிடிக்க ஒரு கீப்பர் தேவைப்பட்டது; குப்பத்துப் பெண் ஒருத்தி கிளவுஸை மாட்டிக்கொண்டு போய் நின்றாள். தலைவர் அடித்தால் எடுத்து வர ஆள் வேண்டுமே என்று கௌசிகா சொன்னதும், கொடிகளைப் போட்டுவிட்டு இன்னும் சிலர் வந்து ஸ்லிப், பாயிண்ட், கவர் என்று அவரவர் இடத்தில் நின்றார்கள்.

"கை வலிக்குது சார்," என்றாள் கௌசிகா ஹரிபிரசாத்திடம். அவளுக்குக் கை வலிக்கவில்லை என்பது எத்திராஜுக்குத் தெரியும். "இவ போடட்டும்."

பந்து மதனப்பள்ளி சுஷ்மிதாவிடம் போனது. அவள் பந்தை வாங்கிக்கொண்டு, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிக் விடுவிடுவென்று எல்லைக் கயிறு பக்கம் நடந்தாள்.

"எங்கே போகிறாள்?" என்று கேட்டார் தலைவர்.

"கிளம்பிட்டாங்க போல சார்," என்றார் ஹரிபிரசாத்.

சுஷ்மிதா திரும்பினாள். ஓடிவந்தாள். தலைவர் முதலில் புன்னகைத்தார், பிறகு யோசித்தார், கடைசியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சாமந்திச் சரத்தைத் தாண்டிக் குதித்தார். நடு ஸ்டம்பு காற்றில் சுழன்று கீப்பருக்குப் பின்னால் விழுந்தது. தலைவர் ஆடுகளத்திலேயே இல்லாததால் அவர் ஆட்டமிழக்கவில்லை என்று நடுவர் விளக்கினார்.

நிறுத்த முடியவில்லை. படம் இன்னும் கிடைக்கவில்லை. படம் இல்லாமல் மேடைக்குத் திரும்புவதைத் தலைவர் அவமானமாகக் கருதினார். ஆகவே ஆடிக்கொண்டேயிருந்தார். ஒருத்தி மாற்றி ஒருத்தி, வந்திருந்த பந்துவீச்சாளர் எல்லாரும் போட்டுவிட்டார்கள். மேடையில் இருந்த தேர்வுக்குழு வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் சாப்பாட்டுப் பந்தலைவிட்டுக் கயிற்றருகே வந்துவிட்டது. காஞ்சனா போன் செய்து விழா எப்படி என்று கேட்டதற்கு, எத்திராஜ், "செலக்ஷன் நடந்துக்கினு கீது," என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது.

மூன்றாம் வரிசையில் சுமித்ரா இல்லை. எப்போது எழுந்து வந்தாரோ, நடுவருக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கௌசிகாவிடம் பந்து திரும்ப வந்ததும் அவர் மெல்லச் சொன்னார்: "ரெண்டாவதா ஒரு பந்து போட்டியே, எதிர்ப்பக்கம் திரும்பிச்சே, அதை இன்னொரு தடவை போடு."

கௌசிகா போட்டாள். இந்த முறை தலைவரின் மட்டையில் தற்செயலாக ஓரமாகப் பட்டது. குப்பத்துப் பெண் பாய்ந்து பிடித்தாள். பெண்கள் எல்லாரும் கத்திக்கொண்டு ஓடிவந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மட்டையில் பந்து பட்ட அந்தக் கணத்தில் புகைப்படக்காரரும் படம் எடுத்துவிட்டார். தன் ஷாட்டுக்கு இவ்வளவு வரவேற்பு இருக்குமென்று எதிர்பாராத தலைவர் மட்டையை நாலா பக்கமும் உயர்த்திக் காட்டினார்.

மறுநாள் பத்திரிகைகளில் படம் வந்தது. 'ஆட்டமிழக்காத தலைவர்' என்று கீழே போட்டிருந்தார்கள். அதே வாரம் சங்கத்தின் தேர்வு முடிவும் வந்தது. விழாவில் எந்தப் பந்துவீச்சாளரும் முறைப்படி ஒரு விக்கெட்டும் எடுக்காத காரணத்தால் அவர்களில் ஒருவரும் தேர்வாகவில்லை. அணி முழுக்க மட்டையாளர்கள். அவர்களில் யாரும் அன்றைக்கு மட்டையைத் தொடவில்லை. ஆகவே அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முடிவு வந்த அன்று கௌசிகா சாப்பிடவில்லை. கிட் பையை எடுத்துப் பரண் மேல் போட்டாள். காஞ்சனா என்ன சொல்லியும் கேட்கவில்லை. எத்திராஜ் வாசலில் உட்கார்ந்து, அந்த நீலக் கோட்டை வைத்துப் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சுமித்ராவின் போன் வந்தது. அனந்தபூரில் மாநில முகாம். கௌசிகா, சுஷ்மிதா, குப்பத்துக் கீப்பர் மூவரும் நேராக அங்கே வர வேண்டும்.

"சங்கத்துல பேரு போடலையே மேடம்," என்றார் எத்திராஜ்.

"நான் சங்கத்தைப் பார்க்க வரல. ஆட்டத்தைப் பார்க்க வந்தேன். அனுப்பி வையுங்க."

பரணிலிருந்து கிட் பை இறங்கிய சத்தம் வாசல்வரை கேட்டது.

சேதி ஹரிபிரசாத்துக்கு எட்டியது. மறுநாளே திருப்பதியில் 'தென்சீமா கண்டெடுத்த முத்துக்கள்' என்று பேனர் ஏறியது. நடுவில் தலைவர் பெரிதாக, மூலையில் மூன்று பெண்கள் தபால்தலை அளவில். பிள்ளைகளைத் திருப்பதி பஸ் நிலையத்தில் தலைவர் கொடியசைத்து வழியனுப்புவார் என்றும், பேச்சு முடிந்த பிறகே பஸ் கிளம்ப வேண்டும் என்றும் ஏற்பாடு.

எத்திராஜ் டிரைவர். பேச்சு எவ்வளவு நேரம் போகும், அனந்தபூர் எவ்வளவு தூரம் என்று இரண்டையும் அவரால் கணக்குப் போட முடிந்தது. தெரிந்த டிரைவர் ஒருவரின் பஸ்ஸில், தலைவர் வருவதற்கு முன்பே மூன்று பெண்களையும் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார்.

"நைனா, அவுங்க தேட மாட்டாங்களா?" என்று கேட்டாள் கௌசிகா. பஸ் சந்திரகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"கேட்டா சொல்லிக்கலாம், எங்களுக்கு இன்னா தெரியும்னு. பஸ்ஸு வந்துச்சு, ஏறிக்கினோம்," என்றார் எத்திராஜ்.

அதே நேரத்தில் பஸ் நிலையத்தில் தலைவர் பேசி முடித்து, படத்துக்காகக் கண்ணாடியைக் கழற்றினார். பெண்கள் எங்கே என்று ஹரிபிரசாத்துக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் வழக்கம் சங்கத்தில் இல்லை. எதிரே நின்ற பஸ்ஸைக் கைகாட்டினார். அது அரக்கோணம் பஸ். ஜன்னலோரத்தில் அரக்கோணத்து ரத்னம்மா உட்கார்ந்திருந்தாள். மலையில் முடி இறக்கிவிட்டு, தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டு ஊர் திரும்புகிறவள். விளையாட்டுப் பெண்கள் இப்போதெல்லாம் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்கிறார்கள் என்பது தலைவருக்குத் தெரியும். ஜன்னல் வழியாக ரோஜா மாலையை அவள் கழுத்தில் போட்டு, "எதிரியைக் கலங்கடித்துவிட்டு வா, தாயே!" என்று தெலுங்கில் வாழ்த்தினார். பேண்டு முழங்கியது. கொடி அசைந்தது. பஸ் புறப்பட்டது.

ரத்னம்மா மாலையைக் கழற்றவில்லை. மொட்டை போட்டவர்களுக்குத் திருப்பதியில் இப்போது புதிதாக இப்படி ஒரு மரியாதை ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அரக்கோணம்வரை பக்கத்து சீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அடுத்த மாதம் அவள் தெருவிலிருந்து பதினேழு பேர் மொட்டை போடக் கிளம்பினார்கள்.